‘பேரை அப்புறம் மாத்திக்கலாம்’ என்றால் சாவியைக் கொடுக்க வேண்டாம்

வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் அதைப் பிரித்துப் படித்துச் சொல்லும் வேலை நம் வயதுப் பிள்ளைகளுடையது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்தவர்கள் நாம். மலாய் பாரத்தைப் பார்த்ததும் எங்கே பெயர், எங்கே கையொப்பம் என்று கண் தானாகப் போய்விடும். அம்மாவின் இபிஎஃப் அறிக்கை, தாத்தாவின் உதவித்தொகை மனு, தம்பியின் பள்ளிப் பாரம் எல்லாம் எங்கள் வீட்டில் என் மேசைக்குத்தான் வரும். போன செமஸ்டர் விடுமுறையில் அந்த மேசைக்கு வந்தது ஒரு கார். அம்மாவின் 2012ஆம் ஆண்டு பெரோடுவா வீவா.

தொழிற்சாலை பேருந்து இப்போது எங்கள் தாமானுக்குள்ளேயே வருகிறது. அம்மாவுக்குக் காரின் தேவை குறைந்துவிட்டது. தம்பிக்கு போலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. மடிக்கணினி, விடுதி முன்பணம், துணிமணி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வீவாவை விற்பதுதான் வழி. கார் வியாபாரி சொன்ன விலையைவிட நேரடியாக ஆளுக்கு விற்றால் இரண்டாயிரம் ரிங்கிட் வரை கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தது. அந்தக் கூடுதல் பணத்துக்கு ஈடாக, வியாபாரி செய்யும் தாள் வேலை முழுவதையும் நாமே செய்ய வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விலை பேசுவது, படம் எடுத்துப் போடுவது எல்லாம் நம்மில் பலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

முதலில் என் பெரியப்பாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் லோரி ஓட்டுநர். சில வருடங்களுக்கு முன் தன் பழைய புரோட்டோன் வீராவைத் தோட்டத்து நாள் முதல் பழகிய ஒருவருக்கு விற்றார். பணம் கைக்கு வந்தது, சாவியும் கிரானும் கைமாறின. “பேரை அப்புறம் மாத்திக்கலாம் அண்ணே, எங்க ஓடிப் போகப் போறேன்?” என்று அவர் சொன்னார். பெரியப்பாவும் சரி என்றார். நம் பழக்கம் அதுதானே. தெரிந்தவரிடம் தாள் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும்.

மூன்று வருடம் கழித்து பெரியப்பா ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனார். கணினியைப் பார்த்த அதிகாரி, உங்கள் பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது என்றார். வேகக் கேமராவில் பிடிபட்ட சம்மன்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அந்த வீராவுக்கு. போதாததற்கு நகராண்மைக் கழகத்தின் நிறுத்துமிட அபராதங்கள் வேறு தனியாக. வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றிருக்கிறார், அவர் மூன்றாவது ஆளுக்கு. ஓட்டியது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் பதிவேட்டில் இருந்தது பெரியப்பாவின் பெயர். உரிமம் இல்லாமல் லோரி ஏற முடியாது, லோரி ஏறாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மூன்று வருடமாகக் கண்ணால் பார்க்காத காருக்கு அவர் சம்மன் கட்டினார். அந்தப் பணத்தில் பாதி பெரியம்மாவின் சீட்டுப் பணம். அந்தக் கார் யாரையாவது இடித்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் அப்போது யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வாகனம் கைமாறினால் ஏழு நாள்களுக்குள் விற்றவரும் தெரிவிக்க வேண்டும், வாங்கியவரும் தன் பெயரில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, குற்றம் நடந்த வேளையில் காரை ஓட்டியது யார் என்று சொல்லும் பொறுப்பைப் பதிவு உரிமையாளர் மீது வைக்கிறது. கேமரா பிடிப்பது எண் பலகையை. அந்த எண்ணுக்கு ஜேபிஜே கணினியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் கடிதம் வரும். பணம் வாங்கியதும் நம் மனத்தில் கார் போய்விடுகிறது. கணினியில் போவதில்லை.

முதலில் கிரானைப் பாருங்கள்

விற்பது என்று முடிவானதும் நான் முதலில் அலமாரியிலிருந்து எடுத்தது வாகன உரிமைச் சான்றிதழை. நாம் இன்னும் பழக்கத்தில் கிரான் என்றுதான் சொல்கிறோம். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, இயந்திர எண், சேசிஸ் எண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அதில் ‘துந்துத்தான் ஹாக் மிலிக்’ என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தது. அதாவது, இந்தக் கார் மீது வங்கிக்கு உரிமைக்கோரல் இருக்கிறது என்று பொருள்.

“அம்மா, லோன் முடிஞ்சிருச்சா?”

“அதெல்லாம் 2021லயே முடிஞ்சு போச்சு. ஒன்பது வருஷம் கட்டினேன், ஒரு மாசம் தவறல.”

அம்மா சொன்னது உண்மை. கடைசித் தவணை கட்டிய ரசீது வரை பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் கடன் முடிந்தது ஒரு விஷயம், ஜேபிஜே பதிவில் வங்கியின் உரிமைக்கோரல் நீங்குவது வேறு விஷயம். அது நீங்காமல் பெயர் மாற்ற முடியாது. வங்கிக் கிளைக்குப் போய், கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கடிதம் கேட்டோம். உரிமைக்கோரலை ரத்து செய்யும் வேலையை வங்கி செய்து கொடுத்தது. கடிதம் கையில் கிடைத்து, பதிவும் சரியாகி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வாங்குபவரைத் தேடிப் பிடித்த பிறகு இந்த ஒரு வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தால் அவர் வேறு கார் பார்க்கப் போயிருப்பார். கடன் முடித்து பல வருடமான கார் உங்கள் வீட்டில் இருந்தால், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்த வாரக் கடைசியில் ஒரு முறை கிரானை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து சம்மன். மைஜேபிஜே செயலியிலும் காவல்துறையின் மைபாயார் பக்கத்திலும் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நகராண்மைக் கழகத்தில் மட்டும் ஒரு நிறுத்துமிட அபராதம் இருந்தது. தீபாவளி சந்தைக்குப் போன நாளில் வந்தது என்று அம்மா தேதியைப் பார்த்தே சொல்லிவிட்டார். அதையும் கட்டினோம்.

காரின் எண்ணை வைத்துக்கொள்ள விரும்புபவர்களும் இருக்கிறார்கள். கூட்டினால் இந்த எண் வரும், இது எங்கள் குடும்பத்துக்கு ராசி என்று பார்ப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. அப்படியானால் எண் மாற்றும் வேலையை ஜேபிஜேயில் விற்பனைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பெயர் மாறிய பிறகு எண்ணும் போய்விடும். எங்கள் வீவாவின் எண்ணில் யாருக்கும் ஆசை இல்லை.

வாங்க வந்தவர்

வந்தவர் அடுத்த தாமானில் இருக்கும் ஓர் அண்ணன். குளிர்சாதன டெக்னிஷியன். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பில் அம்மா அவரைப் பார்த்திருக்கிறார். காரைச் சுற்றி வந்தார், கீழே குனிந்து பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். 9,500 ரிங்கிட்டுக்குப் பேச்சு முடிந்தது. 500 முன்பணம் கொடுத்தார். நான் ஒரு தாளில் ரசீது எழுதினேன். இருவர் பெயர், அடையாள அட்டை எண்கள், காரின் பதிவு எண், இயந்திர எண், சேசிஸ் எண், முழு விலை, கொடுத்த முன்பணம், மீதி எப்போது, பரிசோதனையில் கார் தேறாவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற ஒரு வரி, தேதி. இரண்டு படி எழுதி இருவரும் கையொப்பம் போட்டார்கள்.

அடையாள அட்டையின் நகல் அவருக்குத் தேவைப்பட்டது. நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ‘இந்த எண் கார் விற்பனைக்கு மட்டும்’ என்று எழுதித்தான் கொடுத்தேன். தொலைபேசிக் கடையிலும் வேலைக்கு மனு போடும்போதும்கூட இப்படிச் செய்வது நல்லது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வாசகம் வந்தது.

“ஆன்ட்டி, இந்த வாரம் கோலாலம்பூர்ல ஒரு வேலை இருக்கு. மீதிக் காசையும் இன்னைக்கே கொடுத்துடறேன். கார எடுத்துக்கறேன். பேரை அடுத்த மாசம் மாத்திக்கலாம். இன்சூரன்ஸ் இன்னும் அஞ்சு மாசம் இருக்குதானே, அதுக்குள்ள மாத்தினா போதும்.”

அம்மா என்னைப் பார்த்தார். முழுப் பணமும் இன்றே கிடைக்கும். தம்பியின் விடுதிப் பணத்துக்கு மறுவாரம்தான் கடைசி நாள். கேட்பவர் கோயிலில் தினமும் முகம் பார்க்கும் ஆள். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.

பெரியப்பாவின் கதையை அவரிடம் சொன்னால், என்னை அப்படிப்பட்ட ஆளாக நினைக்கிறாயா என்று மனம் நோகும். அதனால் அவர் பக்கத்திலிருந்து பேசினேன்.

“அண்ணே, உங்களுக்குத்தான் இதுல ஆபத்து அதிகம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு வெள்ளி கொடுத்துட்டு கார் எங்கம்மா பேர்லயே இருந்தா, நாளைக்கு எங்கம்மா இது என்னோடதுன்னு சொன்னா உங்க கையில என்ன இருக்கு? எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீங்க வருஷக் கணக்கா அலையணும். வழியில எங்கயாச்சும் இடிச்சா, இன்சூரன்ஸ் எங்கம்மா பேர்ல இருக்கு, கார வித்தாச்சு. கம்பெனிக்காரன் உங்களுக்குக் கொடுப்பானா?”

கடைசிக் கேள்வியில்தான் அவர் நின்றார். காப்புறுதி என்பது காப்புறுதி நிறுவனத்துக்கும் அதில் பெயர் உள்ளவருக்கும் இடையிலான ஒப்பந்தம். காரோடு சேர்ந்து அது கைமாறுவதில்லை. விற்றவரின் மீதி ஐந்து மாதத்தை நம்பி கார் ஓட்டுவது, பாதுகாப்பு இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இல்லாமல் சாலையில் வாகனம் ஓட்டுவது குற்றம் என்பது நாம் எல்லாரும் கணினித் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததுதான்.

“சரி தங்கச்சி, எத்தனை நாள்ல முடியும்?” என்றார்.

நான்கு நாளில் முடிந்தது.

பரிசோதனை, காப்புறுதி, கட்டைவிரல்

முதல் நாள் புஸ்பாகோம். தனியார் கார்களுக்கு லோரி, பேருந்து போலத் தவணைதோறும் பரிசோதனை கிடையாது. ஆகவே பல கார்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பரிசோதனைக்குப் போவது பெயர் மாற்றும்போதுதான். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையின் பெயர் பி5. கட்டணம் 30 ரிங்கிட். வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்கினால் பி7 என்று இன்னொன்றும் தேவைப்படும். எங்கள் அண்ணன் ரொக்கத்தில் வாங்கியதால் அது வேண்டியிருக்கவில்லை. நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

பி5இல் முக்கியமாகப் பார்ப்பது இது திருட்டுக் காரா, ஒட்டுப் போட்ட காரா என்பதை. இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா, தட்டி அழித்துத் திரும்பப் பொறித்த அடையாளம் உண்டா என்று பார்க்கிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய இயந்திரத்தில் அந்த எண் எண்ணெய்ப் பிசுக்குக்குள் புதைந்திருக்கும். எங்கள் தாமான் பட்டறை அண்ணன் முந்தின நாளே அதைத் துடைத்து வைத்தார், காசு வாங்கவில்லை. கண்ணாடிக் கறுப்புத் தாளையும் கவனிக்க வேண்டும். முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பின்னால் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் 2019 மே மாதம் முதல் தடையில்லை. எழுத்தைச் சாய்த்தும் நெருக்கியும் அடித்த அலங்கார எண் பலகை இருந்தால் அதையும் மாற்றிவிட்டுப் போவது நல்லது. வீவா அன்று ஒரே முறையில் தேறியது. அறிக்கைக்குக் காலவரம்பு உண்டு என்பதால் அதை எடுத்து வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருக்க முடியாது.

மறுநாள் அண்ணன் தன் பெயரில் காப்புறுதி எடுத்தார். காப்புறுதிக் குறிப்பு மின்னியல் முறையில் ஜேபிஜே கணினிக்குப் போய்விடும். அது அங்கே தெரிந்தால்தான் முகப்பில் வேலை நடக்கும். முன்பு கண்ணாடியில் ஒட்டிய சாலை வரி வில்லையைப் பார்த்தே காலாவதித் தேதியைச் சொல்லிவிடலாம். 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் வாகனங்களுக்கு வில்லை ஒட்டும் கட்டாயம் இல்லை. ஆகவே கார் வாங்குபவர்கள் கண்ணாடியை நம்பாமல், விற்பவரின் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். எங்களிடம் அண்ணன் கேட்டார். கேட்டது சரியே.

நான்காம் நாள் காலையில் ஜேபிஜே கிளை. பெயர் மாற்றத்துக்கான பாரம் கே3. ஒரு பக்கம் பழைய உரிமையாளர், மறுபக்கம் புதியவர். அசல் உரிமைச் சான்றிதழ், பரிசோதனை அறிக்கை, இருவரின் மைகாட், வங்கியின் விடுவிப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். கட்டணம் 100 ரிங்கிட். அதை வாங்குபவர் கட்டுவது என்று முன்பே பேசியிருந்தோம். பரிசோதனைக் கட்டணம் நாங்கள். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, பேச்சுதான். ஆனால் முன்பணம் வாங்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலை யாரும் சொல்லித் தருவதில்லை. பணம் முன்னா, கட்டைவிரல் முன்னா? அம்மா கட்டைவிரல் வைத்துவிட்டால் கார் அவருடையது, பணம் வராவிட்டால் என்ன செய்வது? அவர் முதலில் பணத்தை அனுப்பிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டால் அவர் என்ன செய்வார்? இரு பக்கமும் நியாயமான பயம். நாங்கள் செய்தது இது: எண் சீட்டு எடுத்துக் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் நான்கு பேர் இருக்கும்போது அண்ணன் 9,000 ரிங்கிட்டை வங்கிச் செயலியில் அனுப்பினார். நாளொன்றுக்கான வரம்பை முந்தின நாளே உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தோம். அவர் திரையில் ‘வெற்றி’ என்று காட்டியதை நான் பார்க்கவில்லை. அம்மாவின் கணக்கைத் திறந்து இருப்பு கூடியதைப் பார்த்தேன். போலி ரசீதுப் படம் அனுப்பி ஏமாற்றும் கும்பல்கள் பற்றி இந்த நாளிதழிலேயே எத்தனை செய்தி படித்திருக்கிறோம். படத்தை நம்பாமல் கணக்கை மட்டும் பாருங்கள்.

முகப்பில் அம்மாவின் கட்டைவிரல் பதியவில்லை.

இரண்டு முறை, மூன்று முறை வைத்துப் பார்த்தார். இயந்திரம் மறுத்தது. இருபது வருடம் தொழிற்சாலையில் பாகங்களைத் துடைத்துத் துடைத்து ரேகை தேய்ந்திருக்கிறது. பணம் அனுப்பிவிட்ட அண்ணனின் முகம் மாறியதை நான் கவனித்தேன். அதிகாரி பொறுமையானவர். ஈரத்தாளால் விரலைத் துடைக்கச் சொன்னார், கொஞ்சம் அழுத்தி வைக்கச் சொன்னார், பிறகு மற்றக் கை. இடது கட்டைவிரலில் பச்சை விளக்கு எரிந்தது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த பெற்றோர் உள்ள வீடுகளில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். முந்தின இரவு கைக்கு எண்ணெயோ கிரீமோ தடவி வைப்பது உதவும் என்று அந்த அதிகாரியே சொன்னார்.

புதிய சான்றிதழ் அண்ணனின் பெயரில் வந்தது. நான் அதைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். வெளியே நிறுத்துமிடத்தில் சாவியைக் கொடுக்கும் முன், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒப்படைப்புத் தாளில் தேதியோடு மணியையும் எழுதினோம். காலை 11.20. தேதி மட்டும் எழுதினால் போதாது. அன்று காலை ஒன்பது மணிக்குக் கேமராவில் பிடிபட்டால் அது எங்களுடையது, மாலை மூன்று மணிக்கென்றால் அவருடையது.

கையொப்பமிட்ட வெறும் பாரம்

எங்கள் விற்பனை எளிமையானது. எல்லாருக்கும் அப்படி அமையாது.

காரை வியாபாரியிடம் கொடுப்பவர்கள் நிறைய பேர் கே3 பாரத்தில் கையொப்பம் மட்டும் போட்டு, வாங்குபவர் பகுதியை வெறுமையாக விட்டுக் கொடுக்கிறார்கள். வியாபாரி ஆள் தேடிப் பிடிக்கும் வரை கார் பழையவரின் பெயரிலேயே நிற்கும். யார் யாரோ ஓட்டிப் பார்ப்பார்கள். வியாபாரியிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: எந்தத் தேதியில் என் பெயர் நீங்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெயர் மாறியதும் சான்றாக ஒரு நகலும் கேளுங்கள். நல்ல வியாபாரி முகம் சுளிக்கமாட்டார்.

கடன் பாக்கி இருக்கும் காரை ‘சம்போங் பாயார்’ முறையில் கைமாற்றுவது நம் இளைஞர்களிடையே பரவலாக இருக்கிறது. ஏதோ தொகை கொடுத்து காரை எடுத்துக்கொண்டு, மாதத் தவணையை இவர் கட்டுவார் என்பது ஏற்பாடு. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடன் தீரும் வரை கார் நிதி நிறுவனத்தின் சொத்து. நம்முடையது அல்லாத பொருளை அதன் உரிமையாளருக்குத் தெரியாமல் விற்பதாகத்தான் இது முடியும். எடுத்தவர் நான்காவது மாதம் கட்டாமல் விட்டால் பாதிக்கப்படுவது கடன் வாங்கியவரின் பெயர். வங்கி அவரைத்தான் தேடும், சீசிடிவியில் பிடிபட்ட காருக்கு காவல்துறையும் அவரைத்தான் தேடும். இருபத்திரண்டு வயதில் கடன் பதிவு கெட்டுப்போனால் முப்பது வயதில் வீட்டுக் கடன் கேட்கும்போது அதன் வலி தெரியும். கைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்பதற்காக நம் வயதுக்காரர்கள் தங்கள் பெயரில் கார் எடுத்துக் கொடுப்பதும் நடக்கிறது. இதை நட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடன் உள்ள காரை முறையாக விற்க வழி இருக்கிறது. வங்கியிடம் முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டியே தீர்த்தால் வட்டியில் ஒரு பகுதி கழிவாகக் கிடைக்கும் என்பதால், மீதி மாதங்களைத் தவணையால் பெருக்கி வரும் தொகையைவிட அது குறைவாக இருக்கும். வாங்குபவர் அந்தத் தொகையை நேராக வங்கிக்குக் கட்டட்டும், மிச்சத்தை உங்களுக்குக் கொடுக்கட்டும். உரிமைக்கோரல் நீங்கிய பிறகு மற்ற வேலைகள் நான் மேலே சொன்னபடிதான்.

இறந்தவர் பெயரில் நிற்கும் கார்கள் இன்னொரு வகை. அப்பா போய் பத்து வருடமாகியும் அவர் பெயரிலேயே காரை ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களை எங்கள் தாமானிலேயே காட்ட முடியும். அதை விற்க, வாரிசு என்று சொன்னால் மட்டும் போதாது. நீதிமன்றத்தின் நிர்வாக அதிகாரக் கடிதமோ, அமானா ராயா போன்ற அமைப்பின் உத்தரவோ வேண்டும். கார் மட்டும் அல்லாமல் வீடு, நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் அதே வரிசையில் நிற்கும் என்பதால் மொத்தமாக ஒரு முறை உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அதற்கே தனிக் கட்டுரை வேண்டும்.

சாவி கொடுத்த பிறகு

அன்று மாலையே செய்த மூன்று காரியங்கள் உண்டு. முதலாவது, டச் அண்ட் கோ செயலியில் அந்தக் காரின் ஆர்எஃப்ஐடி பட்டையைக் கணக்கிலிருந்து நீக்கினேன். அது காரில் ஒட்டியிருக்கும் வரை, அண்ணன் கோலாலம்பூர் போய் வரும் டோல் முழுவதும் அம்மாவின் பணப்பையில்தான் கழியும். இரண்டாவது, நிறுத்துமிடக் கட்டணச் செயலியில் சேமித்திருந்த எண்ணை அழித்தேன். மூன்றாவது, அம்மாவின் மைஜேபிஜேயைத் திறந்து வாகனப் பட்டியலில் வீவா இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டோம். அம்மா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காப்புறுதி. மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்டு, பெயர் மாறிய சான்றின் நகலோடு ரத்து மனு கொடுத்தோம். இதைப் பெயர் மாறுவதற்கு முன்பே செய்துவிடக் கூடாது. பரிசோதனைக்கு ஓட்டிப் போகும் அந்த ஒரு நாளிலும் விபத்து நடக்கலாம். உரிமைகோராக் கழிவு, நாம் என்சிடி என்று சொல்வது, காரோடு போகாது, ஆளோடு நிற்கும். முதல் வருடம் 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி 55இல் நிற்பது அது. அம்மாவுடையது 55. அதைப் பழைய காரிலிருந்து எடுத்துவிட்டதாக நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்கி, கிரான் இருந்த அதே கோப்பில் வைத்தேன். அடுத்து வாங்கும் கார் அம்மா பெயரிலா என் பெயரிலா என்ற பேச்சு வீட்டில் அதற்குள் தொடங்கிவிட்டது. கழிவைப் பார்த்தால் அம்மா பெயர்தான்.